நோய் இலையில் இல்லை

சாலையோர மரம் ஒன்றின் இலைகள் மஞ்சளாகின்றன. உச்சிக் கிளைகள் காய்கின்றன. அதைப் பார்ப்பவர்களில் சிலர், "உரம் போடுங்கள்" என்கிறார்கள். வேறு சிலர், "வெட்டிவிடுங்கள்" என்கிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். இலையில் தெரிவது அறிகுறி மட்டுமே. நோய் பல வேளைகளில் மண்ணுக்கு அடியில், வேரில் இருக்கிறது.

மரத்தின் வேர்கள் எல்லாம் ஆழத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில், நீரையும் சத்துகளையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. கிளைகளின் நிழலையும் தாண்டி அவை நீள்கின்றன. அந்த மண்ணின்மேல் மக்கள் ஓயாமல் நடந்தாலும் வாகனங்கள் நின்றாலும் மண் இறுகிவிடும். காற்றும் நீரும் உள்ளே செல்ல வழியின்றி வேர்கள் நலியும். நடைபாதை அமைக்கும்போதும் குழாய் பதிக்கும்போதும் வேர்கள் அறுபடுவதுண்டு. இந்தப் பாதிப்பு வெளியே தெரியச் சில ஆண்டுகள்கூட ஆகலாம்.

வேர் நலிந்த மரத்திற்கு உரத்தைக் கொட்டுவது, காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு விருந்து படைப்பதற்கு ஒப்பாகும். முதலில் அதற்குத் தேவை காற்றும் அளவான நீரும் ஓய்வும். இறுகிய மண்ணை வேர் அறுபடாமல் தளர்த்த வேண்டும். காய்ந்த இலைகளையும் மரச்சில்லுகளையும் 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பலாம். அவை அடிமரத்தை ஒட்டிக் குவிந்தால் பட்டை அழுகக்கூடும். ஆகவே, சற்று இடைவெளி விட வேண்டும்.

சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி நோட்டில் இடம்பெற்ற தெம்புசு மரம் பூமலையில் நிற்கிறது. 1859இல் அந்தத் தோட்டம் உருவாவதற்கு முன்பே அது அங்கே வளர்ந்திருந்தது. அதன் தாழ்ந்த கிளையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டவர்கள் பலர். இன்று அதைச் சுற்றி வேலி இருக்கிறது. மரத்தை நெருங்க முடியவில்லையே என்று சிலர் வருந்தலாம். ஆனால், மிதிபடாத மண்ணே முதிய மரத்திற்குக் கிடைக்கும் சிறந்த மருந்து.

வேர் அழுகி, சாயும் நிலையிலுள்ள மரத்தை அகற்றுவது நியாயமே; மனித உயிர் முக்கியம். ஆயினும், அந்த முடிவை வேரைச் சோதித்த வல்லுநர் எடுக்க வேண்டும்; இலையை மட்டும் பார்த்தவர் எடுக்கக் கூடாது.

சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டிலேயே மரம் நடும் இயக்கம் தொடங்கியது. கன்று நட ஒரு நாள் போதும். அது நிழல் தரப் பல ஆண்டுகள் வேண்டும். பள்ளித் திடலில் உள்ள மரத்தடியைக் குறுக்குவழியாக்காமல் சுற்றிச் செல்லும் மாணவரும் அந்த நிழலைக் காப்பவரே.