ஈயையும் சேர்த்து வரையாதீர்கள்

‘ஈயடிச்சான் காப்பி’ என்றொரு வசவு நம் வீடுகளில் உண்டு. மூலத் தாளில் ஓர் ஈ நசுங்கி ஒட்டியிருந்ததாம். நகலெடுத்தவர் தம் தாளிலும் ஓர் ஈயைத் தேடிப்பிடித்து அடித்து ஒட்டினாராம். படக்கதையைப் பார்த்து வரையும் பிள்ளைகள் மீதுதான் இந்த வசவு அதிகம் விழுகிறது. அதைக் கேட்டே பென்சிலைக் கீழே வைத்துவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால், பெரிய ஓவியர்கள் பலர் இந்த வழியாகத்தான் வந்தார்கள்.

1933-ல் அமெரிக்க நாளிதழ்களில் ‘ஸ்கார்ச்சி ஸ்மித்’ என்ற விமானியின் கதையை வரைந்துவந்த ஜான் டெர்ரி காசநோயில் படுத்துவிட்டார். வேலை நோயல் சிக்கில்ஸ் என்ற இளைஞரிடம் வந்தது. டெர்ரியின் கோட்டைப் போலவே வரைய வேண்டும். சொந்தப் பெயர் போடக்கூடாது. அவரும் அப்படியே வரைந்தார். டெர்ரி மறைந்த பிறகு சிறிது சிறிதாக மாற்றினார். பேனாக் கீறல்களைக் குறைத்து, தூரிகையால் கறுப்பைத் திட்டுத் திட்டாக வைத்தார். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அவரோடு ஒரே இடத்தில் வேலை செய்த மில்டன் கேனிஃப் அந்த முறையைத் தம் படக்கதைக்கு எடுத்துக்கொண்டு புகழ்பெற்றார். இத்தாலியில் கேனிஃபைப் பார்த்து வளர்ந்த ஹியூகோ பிராட், 1967-ல் கோர்ட்டோ மால்ட்டீஸ் என்ற மாலுமியைப் படைத்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்தார்கள். யாரும் யாருடைய நகலாகவும் நின்றுவிடவில்லை.

என்ன காரணம்? அவர்கள் படத்தை மட்டும் பார்க்கவில்லை, கருவியையும் பார்த்தார்கள். மையில் தொட்டு வரையும் நிப்பின் முனையில் ஒரு பிளவு இருக்கும். அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும்; கையை இலேசாக்கினால் மெலியும். தன் பக்கம் இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு வரும், எதிர்ப்பக்கம் தள்ளினால் தாளில் குத்தும். அதனால் கையை வளைக்காமல் தாளைத்தான் திருப்ப வேண்டும். தூரிகை வேறு குணம். நல்ல மயிர்த் தூரிகை மையில் நனைந்ததும் ஊசிமுனையாகக் கூடும். அதே தூரிகை சாய்ந்தால் விரல் அகலத்துக்குக் கறுப்பைப் பூசும். நீண்ட கோட்டுக்கு விரல் போதாது, முழங்கை நகர வேண்டும். சிக்கில்ஸின் நிழலைப் பால்பாயின்ட் பேனாவில் வரைய முயலும் பிள்ளைக்கு அது வராது. குறை பிள்ளையிடம் இல்லை, பேனாவில்.

‘பீனட்ஸ்’ வரைந்த சார்லஸ் ஷூல்ஸ் எஸ்டர்புரூக் 914 என்ற நிப்பையே நம்பியிருந்தார். அதன் உற்பத்தி நின்றபோது மிச்சமிருந்தவற்றை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். 1981-ல் நடந்த இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் கை நடுங்கியது, கோடும் அலைஅலையாயிற்று. அப்படியே 1999 வரை வரைந்தார். அவரைப் பின்பற்றும் சிலர் அந்த நடுக்கத்தையும் வரைகிறார்கள். அதுதான் ஈ! அவர் நிப்பை எங்கே அழுத்தினார், எதை வரையாமல் விட்டார் என்பதைக் கற்றுக்கொண்டால் அது படிப்பு.

என் சனிக்கிழமை வகுப்பில் ஒரு சிறுமி மாதக்கணக்காக நம் லாட்டின் ‘கம்போங் பாய்’ நூலையே பார்த்து வரைகிறாள். “சொந்தமா ஒண்ணும் வரைய மாட்டேங்குறா சார், நிறுத்திடவா?” என்றார் அவள் அம்மா. நிறுத்தாதீர்கள் அம்மா என்றேன். அண்மையில் அவள் வரைந்த பாட்டியின் மூக்கு லாட்டுடையது. சேலை மடிப்பு? அது எந்தப் பக்கத்திலும் இல்லை. அவள் வீட்டில் பார்த்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படிச் சொல்லுங்கள். ஒரே ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு நிப்பும் ஒரு புட்டி கறுப்பு மையும் வாங்கிக் கொடுங்கள். தாள் வழவழப்பாக இருக்கட்டும். சாதாரண நகல் தாளில் மை ஊறிப் பரவும். முதலில் பார்த்து வரையட்டும், பிறகு நூலை மூடிவிட்டு வரையட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே வேறுபடுகிறது என்று தெரியும். கணினிப் பலகையில் வரைந்தால், நடுக்கத்தைத் தானாகச் சீராக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது பழகும், கை பழகாது.

படத்தின் கீழே ‘இன்னாரைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதவும் கற்றுக்கொடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால், பார்த்து வரைந்ததற்காக எந்தப் பிள்ளையும் தலைகுனிய வேண்டியதில்லை.