தங்கம் தியேட்டரைக் கொன்றது ரசனையா, நிலமா?

மதுரை தங்கம் தியேட்டரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே பல்லவிதான். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர், 2563 சீட்டு, 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது, ஹும்... டி.வி. வந்தது, திருட்டு விசிடி வந்தது, ஜனங்க ரசனை மாறிப்போச்சு, தியேட்டரும் போச்சு. ஒரு பெருமூச்சு, முற்றும்.

மன்னிக்கணும் நண்பர்களே, ரசனை மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அந்த 2563 சீட்டு யாருக்காக? மதுரைக்காரர்களுக்கு மட்டும் என்றால் அவ்வளவு தேவையே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குப் பிரிண்டுகள் கொஞ்சம்தான். மதுரை மாதிரி 'ஏ' சென்டரில் முதலில் ஓடும். ஓடி முடித்து, கீறல் விழுந்து, அப்புறம்தான் அருப்புக்கோட்டை மாதிரி ஊருக்கு வரும். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துக்கு டூரிங் டாக்கீஸில் வரும்போது பாதிப் படம் மழையாகப் பெய்யும் (எங்க கரிசலில் மழை பெய்வது அங்கே மட்டும்தான் :)). புதுப்படம் புதுசாகவே பார்க்கணும் என்றால் மதுரைக்கு பஸ் ஏறணும். தங்கம் இருந்த மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, ரயிலடிக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் நடக்கிற தூரம். தறி நெய்கிறவரும் மானாவாரி விவசாயியும் வந்து உட்கார அந்த இடம் தோதாக இருந்தது.

அந்த முன்வரிசை ஜனங்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1977இல் எம்.ஜி.ஆர். முதல்வரானது எந்தத் தொகுதியில் ஜெயித்து? எங்கள் அருப்புக்கோட்டையில். திரையில் பார்த்த முகத்துக்குத்தான் முத்திரை குத்தினார்கள்.

அப்புறம் பிரிண்டுகள் நூற்றுக்கணக்கில் ஆச்சு, டிஜிட்டல் வந்தாச்சு. ரிலீஸ் அன்றைக்கே படம் எங்க ஊருக்கும் வருகிறது. இது நல்லதுதான், நான் புலம்பவில்லை. செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு 2563 சீட்டை யாராலும் நிரப்ப முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய ஹாலைச் சின்னதாகப் பிரித்திருக்கலாமே? சென்னையில் எழுபதுகளிலேயே தேவி காம்ப்ளெக்ஸ் பல திரையோடு வந்துவிட்டது. வழி தெரியாமல் இல்லை. ஊரின் நடுவில், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், அவ்வளவு பெரிய மனை. டிக்கெட் விற்று வருவதை விட சேலை விற்று வருவது அதிகம். தொண்ணூறுகளில் படம் காட்டுவது நின்றது, பல வருஷம் பூட்டிக் கிடந்தது, பிறகு இடித்தார்கள், ஜவுளிக்கடை எழுந்தது. ஜனங்க ரசனையை யாரும் கேட்கவே இல்லை. நெசவுக்குப் பேர்போன ஊரிலிருந்து போய் அந்த இடத்தில் சேலை விலை விசாரிக்கிறோம், அதுதான் மிச்சம்.

உடனே சிலர், "அதான் மால் வந்துடுச்சே, கீழே கடை, மேலே தியேட்டர், ரெண்டும் பிழைக்கும்" என்பார்கள். சென்னை புரசைவாக்கம் அபிராமியைப் பாருங்கள். 1976இல் தியேட்டர், 2003இல் மெகா மால். கடை, விளையாட்டு, பல திரை, எல்லாம் இருந்தது. 2020 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள், அடுக்குமாடி வீடுகளோடு புதிதாகக் கட்டுவதற்காக. அதே மனைக்கு அதைவிட நல்ல வரும்படி கண்ணில் பட்டதும் மாலே நிற்கவில்லை!

மால் தியேட்டரில் நம்ம ஆட்களுக்கு இடம் உண்டா? சட்டப்படி உண்டு. 2017 அக்டோபரில் கட்டணத்தை ஏற்றும் முன்பு மல்டிபிளெக்ஸில் உச்ச டிக்கெட் 120 ரூபாய், அடிமட்டம் 10 ரூபாய். அந்தப் பத்து ரூபாய் சீட்டு முன்னால் ஒன்றிரண்டு வரிசை. தங்கத்தில் அது ஒரு ஊர் ஜனம் உட்காரும் பகுதி. ஏற்றியபின் உச்சம் 150, வரி தனி. இன்டர்வெல்லில் பாப்கார்ன் வாங்கினால் டிக்கெட் விலை மறுபடி ஒரு தடவை.

தங்கத்துக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊர் நடுவில் ஒரு தியேட்டரை இடித்து வேறு கட்ட அனுமதி கேட்டால், அங்கே எத்தனை மலிவு சீட்டு இருந்தது, அதே ஊரில் அதற்கு ஈடாக எங்கே தரப்போகிறீர்கள் என்று அனுமதி கொடுக்கிறவர்கள் கேட்கட்டும். கார் நிறுத்த இடம் எவ்வளவு என்று கணக்குக் கேட்கிறார்கள் இல்லையா? பஸ்ஸில் வருகிறவனுக்கும் அப்படி ஒரு கணக்கு கேட்டால் என்ன?