அது அழேல்லை, கண் குத்துது

எங்கட போடிங்கில் ஒரு றொட்வைலர் குட்டி இருக்கிறது. சீசர். அன்ரியின் மகன் கொழும்பிலிருந்து காசு குடுத்து வாங்கி அனுப்பினது. வந்த நாளிலிருந்து வலது கண்ணில் எந்நேரமும் ஈரம். "தாயைப் பிரிஞ்ச கவலை, அழுகுது" என்பா அன்ரி. நாங்களும் நம்பி, ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டோம். வெயிலில் கண்ணைச் சுருக்கிறது, முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கிறது எல்லாம் எங்களுக்குச் செல்லமாகத்தான் தெரிஞ்சது.

மிருக வைத்தியர் கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துக் காட்டினார். உள்பக்கமாகச் சுருண்டிருந்த இமை வெளியே வந்தது, விட்டவுடன் திரும்பவும் சுருண்டது. நாய்க்குக் கீழ் இமையில் எங்களுக்கு இருப்பதுபோல் மயிர்வரிசை இல்லை. குத்துவது இமைத் தோலில் இருக்கிற சாதாரண மயிர். ஒவ்வொரு முறை கண் வெட்டும்போதும் அது கருவிழிக்கு மேலுள்ள கண்ணாடி போன்ற படையில் உரசும். நோவில் நாய் கண்ணை இன்னும் இறுக்க, இமை இன்னும் உள்ளே போகும். சீசருக்கு அந்த இடம் புண்ணாகி, பால்போல மங்கிப் போயிருந்தது.

இதுக்கு முதல் நாங்கள் செய்த கெட்டித்தனத்தையும் சொல்லவேண்டும். பாமசியில் ஆக்களுக்குக் குடுக்கிற கண்துளி ஒன்றை வாங்கி ஒரு கிழமை விட்டோம். அதில் ஸ்டீரொயிட் இருந்ததாம். சிவப்பு குறைஞ்சது, நாங்களும் சந்தோசப்பட்டோம். ஆனால் புண் இருக்கிற கண்ணில் ஸ்டீரொயிட் விட்டால் புண் ஆறாது, ஆழமாகும்.

சின்னக் குட்டியென்றால் இமையைத் தற்காலிகமாக வெளியே இழுத்துத் தையல் போட்டு வைப்பார்கள்; முகம் வளர, சிலதுக்கு அதோடு சரியாகிவிடும். புண் நோவால் மட்டும் இமை சுருண்டிருந்தால் மரப்புத் துளி விட்டதும் அது நேராகும், அப்போது பார்க்கவேண்டியது புண்ணை. மற்றதுகளுக்கு ஒப்பரேசன்தான். இமைக்குக் கீழே பிறைவடிவில் கொஞ்சத் தோலை வெட்டித் தைப்பது. கூட வெட்டினால் இமை வெளியே தொங்கிப்போகும் என்பதால் கொஞ்சம் குறைவாகத்தான் வெட்டுவார்களாம். பேராதனைக்குத்தான் கொண்டோடவேணும் என்று பயந்தோம், பக்கத்திலேயே செய்துவிட்டார்கள். அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை கழுத்தில் கூம்பு. அதோட கதிரை, கதவு எல்லாத்திலும் முட்டித் திரிஞ்சது.

இதுவரைக்கும் எங்கட கவனயீனம். எங்களுக்குக் கோபம் வந்தது விற்றவருக்கு ஃபோன் எடுத்த பிறகு. "தாய்க்கும் அந்த ஒப்பரேசன் செய்ததுதான், இப்ப கண் வடிவாயிருக்கு. அடுத்த ஈத்துக்கு அட்வான்ஸ் எடுக்கிறன்" என்றார். ஒரு கூச்சமும் இல்லை.

இந்தக் குறை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஒப்பரேசன் இமையைத்தான் திருத்தும், தாயின் பரம்பரையைத் திருத்தாது. ஷார் பெய், சௌ சௌ, புல்டோக் போன்ற இனங்களில் மடிப்பு விழுந்த முகத்துக்கும் பாரமான தலைக்கும்தான் விலை, அதனால் அதையே பார்த்துப் பார்த்து இணை சேர்க்கிறார்கள். நாங்கள் "கியூட்" என்று இதயம் போடுகிற அந்த முகத்துக்காகச் சில குட்டிகள் கண்ணில் மயிர் குத்தப் பிறக்குது. இப்படி ஒப்பரேசன் செய்த நாயைக் குட்டி போடவிடக்கூடாது என்பதுதான் எங்கட நிலைப்பாடு. வாங்கத்தான் போறீர்கள் என்றால் தாயைக் காட்டச் சொல்லுங்கோ, கண் ஓரத்தில் தையல் தழும்பு இருக்கா எண்டு பாருங்கோ. காட்டமாட்டன் எண்டால் காசை மடிச்சுக் கொண்டு வாங்கோ. ஒழுங்கையில் நிக்கிற ஊர்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லம், அதுக்கு அட்வான்ஸும் இல்லை.

சீசரின் புண் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் வெள்ளையாக நிக்குது. வலப்பக்கத்தால் போனால் கிட்டப் போகும்வரை எங்களைத் தெரியாது. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் போகிறோம்.