கோடையைத் தாண்டுமா, கோழியும் முயலும்?

கோழி வளர்ப்பில் லாபம் உண்டா? உண்டு. முயல் வளர்ப்பில்? அதிலும் உண்டு. ஆனால் தீவனக் கணக்கு மட்டும் பார்த்தால் போதாது. மாதக் கணக்கும் பார்க்க வேண்டும். பலர் கையைச் சுட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஆடியில் கிராக்கி

நாட்டுக்கோழிக்கு நல்ல விலை கிடைக்கும் மாதம் ஆடி. அம்மன் கோவில் திருவிழாக்களுக்காக ஊருக்கு ஊர் கோழி தேடுவார்கள். புரட்டாசி பிறந்தால் பல வீடுகளில் கறி சமைக்க மாட்டார்கள். விலை இறங்கும். நாமக்கல் முட்டைக்கும் அப்போது கிராக்கி குறையும். தீபாவளி நெருங்கினால் கோழி விலை மறுபடி ஏறும்.

நாட்டுக்கோழி விற்கும் எடைக்கு வரச் சுமார் 5 மாதம் ஆகும். ஆடியில் விற்க வேண்டுமானால், மாசியில் குஞ்சு பொரிக்க வேண்டும். அடை காக்க 21 நாள். ஆகவே தை மாதக் கடைசியிலேயே அடை வைக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. மாசிக்கும் ஆடிக்கும் நடுவே கோடை இருக்கிறது!

வெள்ளைக் கழிச்சல்

கோடையில் வெள்ளைக் கழிச்சல் பரவும். கோழி தலை தொங்கி நிற்கும். கழுத்து திருகும். சில நாட்களில் பட்டியே காலியாகிவிடும். வந்த பிறகு மருந்து இல்லை. வருமுன் தடுக்கலாம்.

தமிழக அரசின் கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் 8 வாரம் ஆன கோழிக்குத்தான் அந்த ஊசி. மாசியில் பொரித்த குஞ்சுக்கு அப்போது வயது போதாது. அதாவது, ஆடியில் காசாக வேண்டிய கோழியே முகாமில் விடுபட்டுப் போகிறது!

என்ன செய்யலாம்? 7-ம் நாள் குஞ்சுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். 8-வது வாரம் சித்திரையில் வரும். அப்போது கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் ஊசி போட வேண்டும். நான்கைந்து கோழி வைத்திருக்கும் பெண்கள் கூலி வேலையை விட்டு மருந்தகத்துக்கு நடப்பது எளிதல்ல. சித்திரையிலும் ஊசி ஊர் தேடி வந்தால், பல குடும்பங்களின் ஆடி வருமானம் தப்பும்.

முயலுக்கு ஓய்வு

முயல் குளிர் விரும்பும் பிராணி. அதற்கு வியர்க்காது. காது வழியாகவே பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்தில் இறைச்சி முயல்கள் வளர்க்கப்படுகின்றன. மலைக் குளிரில் வளர்ந்த முயலைச் சமவெளிக்குக் கொண்டுவந்தால் பாதுகாப்பு வேண்டும்.

2024 கோடையில் ஈரோட்டில் வெயில் 108 டிகிரியைத் தாண்டியது. முயலோ 90 டிகிரியிலேயே திணறும். ஆண் முயல் சில வாரம் மலடாகிவிடும். ஆகவே கோடையில் இனம் சேர்க்காமல் ஓய்வு விடுவதே நல்லது. கூண்டு மர நிழலில் இருக்கட்டும். சுற்றி ஈரச் சாக்குத் தொங்கவிடலாம். குளிர்ந்த தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

ஐப்பசிக்குப் பிறகு குட்டி எடுக்கலாம். சினைக் காலம் ஒரு மாதம். குட்டி 3 மாதத்தில் சுமார் 2 கிலோ வரும். மழைக் காலத்தில் கூண்டு நனையக் கூடாது. ஈரத்தில் குட்டிகளுக்குக் கழிச்சல் வரும்.

ஆடிக்குக் கோழி, மாசிக்கு முயல் என்று பிரித்து வளர்த்தால் வீட்டில் இரண்டு தடவை காசு புரளும். அதற்கு வேண்டிய வேலையைக் கோடை வருவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.