புதுப் பள்ளியிடம் மறைக்காதீர்கள்

எட்டாம் வகுப்பு முடிந்து டி.சி. வாங்கப் போகிற சமயத்தில் நம்மில் பல பேர் ஒரு காரியம் செய்கிறோம். பிள்ளையின் மாற்றுத்திறனாளி சான்றிதழ், டாக்டர் எழுதிக் கொடுத்தது, சிறப்புப் பயிற்றுநர் எழுதி வைத்தது எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். "புது ஸ்கூல்ல யாருக்கும் தெரிய வேண்டாம், அங்கேயாவது எல்லாப் பிள்ளைங்க மாதிரியும் இருக்கட்டும்" என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைப் பாசம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நாலு பேர் என்ன பேசுவார்களோ என்ற நம் பயத்தைப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம்.

நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர்கள் பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். உயர்நிலைப் பள்ளியில் மணி அடித்தால் ஆசிரியர் மாறுகிறார். யாருக்கும் அவனைத் தெரியாது. கற்றல் குறைபாடு உள்ள ஒரு பையனை எனக்குத் தெரியும். ஒளிச்சேர்க்கையைப் பற்றி வாயால் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வான். கரும்பலகையில் இருப்பதை நோட்டில் இறக்குவதற்குள் பீரியடே முடிந்துவிடும். பாதி வரியில் நின்றுபோன நோட்டைப் பார்த்த புது ஆசிரியர், சோம்பேறி என்று பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார். அவர் செய்தது தப்புத்தான். ஆனால் அவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டிய அப்பா அம்மா வாயைத் திறக்கவே இல்லையே!

இன்னும் சிலர் "எட்டு வரைக்கும் படிச்சாச்சு, போதும்" என்று நிறுத்தியே விடுகிறார்கள். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 14 வயதுவரைதான் என்று அதற்கு ஒரு நியாயம் வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதோடு நிற்கவில்லை. குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்கிறது. அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு.

மறைத்ததன் வலி முழுதாகத் தெரிவது பத்தாம் வகுப்பில். பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பச் சலுகைகள் இருக்கின்றன. சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாக, உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு அழுதுகொண்டு ஓடினால் யார் என்ன செய்வது? சலுகை கிடைத்தாலும் அதைப் பயன்படுத்தப் பழக வேண்டாமா? பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருக்க, விடையை மனதில் கோத்து, அவர் எழுதுகிற வேகத்துக்குச் சொல்லி, "இங்கே புதுப் பத்தி, இந்தச் சொல்லுக்குக் கீழே கோடு" என்று அவரை நடத்த வேண்டும். பெரியவர்களுக்கே தடுமாறும். ஒன்பதாம் வகுப்பின் சாதாரணப் பரீட்சைகளிலேயே இப்படி எழுத விடச் சொல்லிக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கூடவே அழைத்துப் போங்கள். அது அவர்கள் வேலை.

பழைய பள்ளி விடுமுறைக்கு மூடுவதற்குள் வகுப்பாசிரியரைப் பார்த்து, பிள்ளைக்கு எது வரும், எது வராது, எப்படிச் சொன்னால் புரியும், பதற்றம் வந்தால் எதில் அடங்குவான் என்று ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். பாடத்துக்கு ஒன்றாக நகல் எடுத்து ஒவ்வொரு புது ஆசிரியர் கையிலும் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் பிள்ளையின் விவரம் சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஜூனுக்கு முன்னால் ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிப்போய் வகுப்பறை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் காட்டுங்கள். கழிப்பறைக்குப் படி ஏற வேண்டியிருந்தால் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். "எனக்கு மெதுவாத்தான் எழுத வரும் சார், போர்டை அழிக்காதீங்க" என்று அவனே கேட்க வீட்டில் பழக்குங்கள். அதற்கு முதலில், தனக்கு என்ன பிரச்சினை என்பதை நீங்கள் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டீர்களா?