கொஞ்சம் ரத்தம் தெறிக்கட்டும்

ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த புத்தகத்தை மூத்த எழுத்தாளர் ஒருவர் கவனித்துவிட்டார். ஸ்டீபன் கிங்கின் ‘தி ஸ்டாண்ட்’. ஆயிரம் பக்கம் தாண்டும் தலையணை. “உலகம் அழியறது, பிணம் அழுகறது... இதையெல்லாம் காசு கொடுத்துப் படிக்கிறவங்களுக்கு மனசுல ஏதோ கோளாறு தம்பி” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில் இது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உலகம் அழிவதில் எனக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டதென்று போன் அடிக்கும்போது, எல்லா சர்வரும் ஒரேயடியாகச் செத்துத் தொலையட்டும் என்று நினைக்காத சாஃப்ட்வேர்காரன் யார்? இ.எம்.ஐ. கிடையாது, அப்ரைசல் கிடையாது. காலி நெடுஞ்சாலை, கையில் ஒரு டார்ச். அழிவுக்கதையின் முதல் கவர்ச்சி இந்த விடுமுறைதான். அதில் கோரத்துக்கு வேலையே இல்லை. கோரம் வந்தால் விடுமுறை கெட்டுவிடும்.

அதனால்தான் ரத்தமே சிந்தாத அழிவுக்கதைகள் எனக்கு ஆபாசமாகத் தெரிகின்றன. ஜான் விண்டமின் ‘தி டே ஆஃப் தி ட்ரிஃபிட்ஸ்’ (1951) நாவலில் லண்டன் மாநகரமே பார்வையிழந்து தெருவில் தடவித் திரிகிறது. கண் தப்பிய நாயகனும் நாயகியும் ஒரு பணக்கார ஃபிளாட்டுக்குள் புகுந்து, அவள் நல்ல கவுனாகத் தேடி உடுத்திக்கொள்ள, விருந்து சாப்பிடுகிறார்கள். இந்த மாதிரிக் கதைகளைச் சொகுசுப் பேரழிவு என்று பிரையன் ஆல்டிஸ் கிண்டலடித்தார். ஹாலிவுட்டின் ‘2012’ அதற்கும் மேலே. கண்டங்கள் கடலுக்குள் சரிகின்றன, கோடிக்கணக்கானவர்கள் சாகிறார்கள், ஒருவர் முகமும் நமக்கு நினைவில்லை. நாயகனின் முன்னாள் மனைவியோடு வாழும் ஆள் மட்டும் வசதியாக இயந்திரப் பற்சக்கரத்தில் மாட்டிச் சாகிறார்; பிரிந்த குடும்பம் சேர்ந்துவிடுகிறது. படம் முடியும்போது வரும் நற்செய்தி என்ன தெரியுமா? குட்டிப்பெண் இனிமேல் படுக்கையை நனைக்க மாட்டாள். மனக்கோளாறு என்றால் இதுதான் சார்!

இப்போது ‘தி ஸ்டாண்ட்’டுக்கு வாருங்கள். சூப்பர் ஃப்ளூ ஒன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரை வாரிக்கொண்டு போகிறது. அதற்குப் பின் ஓர் அத்தியாயம்: நோய்க்குத் தப்பியவர்கள் அற்பக் காரணங்களால் சாவது. குடும்பம் மொத்தத்தையும் இழந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன் பழங்கிணற்றில் விழுகிறான். கால்கள் முறிந்து, உள்ளேயே கிடந்து செத்துப்போகிறான். இந்தச் சாவால் கதைக்கு ஒரு லாபமும் இல்லை. தப்பித்தவர்களில் நானும் இருப்பேன் என்ற என் கற்பனையை அந்தக் கிணறுதான் விழுங்கியது.

கார்மக் மெக்கார்த்தியின் ‘தி ரோட்’ (2006) இன்னும் குரூரம். அப்பாவும் மகனும் பசியோடு ஒரு வீட்டின் நிலவறைப் பூட்டை உடைக்கிறார்கள். உள்ளே தின்பதற்காக அடைத்துவைக்கப்பட்ட மனிதர்கள். ஒருவனுக்கு இடுப்புவரை கால்கள் இல்லை; வெட்டிய இடம் சுட்டுக் கருக்கப்பட்டிருக்கிறது. காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். அப்பா மகனை இழுத்துக்கொண்டு ஓடுகிறார். ஓடு, ஓடு என்று நாமும் மனசுக்குள் கத்துகிறோம். அந்த ஆட்களைக் கைவிட்டதில் நமக்கும் பங்கு வந்துவிடுகிறது. இந்த வரிகளைப் பூசி மெழுகி எழுதியிருந்தால் நாம் நல்லவர்களாகவே அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம்.

ரத்தம் கொட்டுவதெல்லாம் உசத்தி என்று சொல்லவில்லை. ஜோம்பி மண்டையைப் பிளக்கும் தொடர்களில் பாதி, குற்ற உணர்ச்சியில்லாமல் ஆளை அடிக்கக் கொடுக்கும் லைசென்ஸ். ரத்தம் இருக்கும், உடம்பு இருக்காது.

என் கட்சிக்காரர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. கொரோனாவின் ஆரம்ப மாதங்களைத் திகில் ரசிகர்கள் கொஞ்சம் குறைந்த மன உளைச்சலோடு கடந்தார்கள் என்று 2021இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அன்றிலிருந்து அதைத் தாயத்து மாதிரிக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். இது உடம்புக்கு நல்லது என்று விற்க இலக்கியம் என்ன சுக்குக் கஷாயமா?

‘தி ஸ்டாண்ட்’டை நான் முதலில் படித்தது 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது. டேஷ்போர்டு கட்டுவதுதான் என் பிழைப்பு. சாவு எண்ணிக்கையையும் அப்படித்தான் ரெஃப்ரெஷ் பண்ணிக்கொண்டிருந்தேன். கோடு ஏறுகிறதா, படிகிறதா? அவ்வளவுதான் கேள்வி. அந்த வாரம் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப்பில், “பி பிளாக்கில் ஒருவர் தவறிவிட்டார், லிஃப்டை கிருமிநாசினி போட்டுத் துடைத்தாகிவிட்டது” என்று ஒரு செய்தி வந்தது. கட்டைவிரல் ஒன்றை அழுத்திவிட்டு நகர்ந்திருந்தேன். கிணற்றுப் பையனைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினோரு மணிக்கு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, செத்துப்போனது யார் என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

அவருக்குத் தெரிந்திருந்தது. பெயர், சொந்த ஊர், கடைசியாக ஆம்புலன்சில் ஏறும்போது செருப்பை மறந்துவிட்டுப் போனது வரைக்கும். செருப்பு இன்னும் லிஃப்ட் பக்கத்திலேயேதான் கிடக்கிறது என்றார்.