பிதிரார்ஜிதமும் பாடுபட்ட கையும்

பிதிரார்ஜிதச் சொத்து என்றால் நம் நாட்டில் தனி மரியாதை. தானே சம்பாதித்தவனை "நேற்று முளைத்தவன்" என்று இளக்காரமாய்ப் பேசுகிறவர்களே, பாட்டன் சொத்தை உட்கார்ந்து தின்கிறவனைப் "பெரிய வீட்டுப் பிள்ளை" என்று கும்பிடுகிறார்கள். இந்தக் கும்பிடுக்கு ஏதாவது நியாயம் உண்டா? மாஞ்சோலை மலையைக் கொண்டே பார்ப்போம்.

மணிமுத்தாற்றுக்கு மேலேயுள்ள அந்த மலைக்காடு சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாயிருந்தது. காட்டை ஜமீன்தார் உண்டாக்கவில்லை. மழையை அவர் பெய்விக்கவில்லை. அந்த வீட்டில் பிறந்தார் என்பதே அவருடைய பாத்தியதை. 1929 இல் அதில் சுமார் 8,374 ஏக்கர், பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகையாகப் போயிற்று. அட்டைக்கடியிலும் குளிரிலும் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களோ மலையேறிப் போன ஏழைகள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள்.

1948 ஆம் வருஷச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. அதிலும் ஜமீன்தார்களுக்கு நஷ்டஈடு உண்டு. ஜமீன் போன பின்னும் கம்பெனியின் குத்தகை நீடித்தது. பாடுபட்டவனுக்கு என்ன கிடைத்தது? 1999 ஜூலை 23 இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸார் தடியால் அடித்து விரட்ட, 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். 2024 இல் கம்பெனி தோட்ட வேலையை முடித்துக்கொண்டு, விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து, குடியிருந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிற்று. காடு மறுபடி காடாகட்டும். அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. நாலு தலைமுறை உழைத்தவனுடைய பேரன் வெறுங்கையோடு இறங்க வேண்டுமென்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

"தகப்பன் தேடியதைப் பிள்ளைக்கு வைப்பது குற்றமா?" என்று கேட்பார்கள். பிள்ளையைப் படிக்க வைப்பதையும், குடியிருக்க ஒரு வீடு விட்டுப் போவதையும் யாரும் தடுக்கவில்லை. ஆனால், மலையாள்வதற்குப் பிறந்ததே போதுமென்றால், ஒரு குடிசைக்கு உழைத்தது போதாதா? கூலிக்காரனுக்கு "வேலை உள்ளவரைதான் வீடு" என்கிற சட்டம், வேலையே செய்யாத வாரிசுக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை?

பெருஞ்சொத்து கைமாறும்போது சர்க்காருக்கு ஒரு பங்கு வரட்டுமென்று 1953 இல் மரண வரி போட்டார்கள். 1985 இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஏழையின் வீட்டுக்கோ பெட்டிக்கடைக்கோ அல்ல, பெருஞ்சொத்துக்கு மட்டும் அதைத் திரும்பக் கொண்டுவரட்டும். மலையிலிருந்து இறங்கியவர்களுக்கு நிலமும் வீடும் கொடுக்கட்டும். அது தர்மமல்ல, வெகுநாள் பாக்கி. பாக்கியைக் கேட்கிறவன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.